சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்

கோவைக்குப் பக்கத்தில் பம்ப்செட் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் சிஸ்டம் அட்மின். விசிட்டிங் கார்டில்தான் அப்படி. ஷாப் ஃப்ளோரில் நான் 'கம்ப்யூட்டர்க்காரத் தம்பி'. தலைமை அலுவலகம், இரண்டு யூனிட், ஒரு குடோன் எல்லாம் சேர்த்து நானூறு கணினிகளுக்கு மேல் இருக்கும். முன்பெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் போடவேண்டும் என்றால் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேஜை மேஜையாகப் போவேன். போகிற இடத்தில் டீ கிடைக்கும், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எங்கே வலிக்கிறது என்ற விவரமெல்லாம் கிடைக்கும். அதோடு எந்த மெஷின் எப்படி முரண்டு பிடிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு சர்வரிலிருந்தே எல்லாக் கணினிக்கும் தானாக அனுப்புகிற ஏற்பாடு வந்தது. பேக்கேஜைத் தயார்செய்து, யார் யாருக்குப் போகவேண்டும் என்று குறித்து, நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும். மறுநாள் காலையில் திரையில் ஒரு வட்டம் வரும். பச்சை, போய்ச் சேர்ந்தது. சிவப்பு, போகவில்லை. மேஜை மேஜையாகப் போவது அதோடு நின்றது. டீயும் நின்றது.

பச்சை எப்போதும் 95, 96 சதவீதத்தில் வந்து நிற்கும். மாதாந்திர மீட்டிங்கில் அந்த வட்டத்தைக் காட்டினால் பாராட்டுத்தான். மிச்சமிருக்கும் சிவப்பை நான் கையாண்ட விதத்தைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'மறுபடி முயற்சி செய்' என்று அழுத்துவேன். அதற்கும் மசியாத மெஷினுக்குள் ரிமோட்டில் நுழைந்து ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மறுபடி அனுப்புவேன். பச்சையாகிவிடும். பச்சையாகிவிட்ட ஒன்றை எதற்கு நோண்டுவது? ஏன் முதல் தடவை போகவில்லை, ஏன் இரண்டாம் தடவை போனது என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்த கையோடு அடுத்த போன் வரும்.

பெரும்பாலும் வருகிற பிழை எண் 1603. விண்டோஸில் சாஃப்ட்வேர் நிறுவுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த எண் மனப்பாடம். 'நிறுவும்போது கடுமையான பிழை' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. லீவு லெட்டரில் 'உடல்நிலை சரியில்லை' என்று எழுதுவோமே, அந்த வகை. உண்மைக் காரணம் வேண்டுமென்றால் விரிவான லாக் எடுக்கச் சொல்லி, அந்த ஆயிரக்கணக்கான வரிகளில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று வருகிற இடத்தைத் தேடிப்பிடித்து, அதற்கு மேலே உள்ள சில வரிகளைப் படிக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். ஜூனியர் பையன்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் ரீஸ்டார்ட் பண்ணினால் போய்விடுகிற கோளாறுக்கு யார் உட்கார்ந்து லாக் படிப்பார்கள்?

இன்னொரு எண்ணும் உண்டு, 3010. அது பிழை அல்ல. 'வேலை முடிந்தது, ஆனால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுமையாகும்' என்று பொருள். அப்போது பயன்பாட்டில் இருக்கிற பழைய ஃபைலை உடனே மாற்ற முடியாது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது மாற்றிக்கொள் என்று இன்ஸ்டாலர் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகும். நியாயமான ஏற்பாடு. ஆரம்பத்தில் பகலில் ரீஸ்டார்ட் கேட்டு ஒரு பெட்டி திரையில் வந்தது. டிஸ்பாட்ச் பிரிவில் பாதி அடித்த இன்வாய்ஸ் போய்விட்டது என்று ஒருவர் என் மேஜைக்கே வந்து சத்தம் போட்டார். அன்று மாலையே என் ஸ்கிரிப்டில் இரண்டு காரியம் செய்தேன். ரீஸ்டார்ட்டே கேட்கக்கூடாது என்று இன்ஸ்டாலரின் வாயை அடைத்தேன். 3010 வந்தால் அதையும் வெற்றி என்றே கணக்கில் எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். எப்படியும் சாயங்காலம் எல்லாரும் கணினியை அணைத்துவிட்டுத்தானே போகிறார்கள், மறுநாள் காலை தானாகச் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை மட்டும் சர்வர் தானே ரீஸ்டார்ட் செய்யும். அந்த நேரத்தில் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

சாயங்காலம் எல்லாரும் அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சர்க்குலர் போட்டதும் நான்தான். மின்சாரச் சிக்கனம். அதைக் கிட்டத்தட்ட எல்லாப் பிரிவுகளும் கடைப்பிடித்தன. டிசைன் பிரிவு மட்டும் கேட்கவில்லை. அவர்களுக்கு டிராயிங்கைத் திறந்தபடியே விட்டுப் போனால்தான் மறுநாள் வேலை ஓடும். அவர்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டேன்.

சிவப்புப் பட்டியலில் அடிக்கடி வருகிற பெயர்களில் அக்கவுண்ட்ஸ் அக்கா ஒருவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்து அங்கே இருப்பவர். போன் செய்யும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இன்ஸ்டால் ஆகிட்டு இருக்கும்போது நடுவுல அணைச்சீங்களா அக்கா?" அவர் சொல்கிற பதிலும் ஒன்றுதான். "ஐயோ இல்லீங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரியேதான் எல்லாத்தையும் மூடிட்டு, ஷட் டவுன் கொடுத்துட்டுப் போறனுங்க." நான் "சரிங்க அக்கா" என்பேன். நம்பியதில்லை. யூசர் சொல்வதை அப்படியே நம்பாதே என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே காதில் ஓதப்படும் மந்திரம்.

ஜிஎஸ்டியில் மாதாமாதம் தாக்கல் செய்கிற 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி. கம்பெனி என்பதால் மொபைலுக்கு வருகிற ஓடிபி போதாது. டைரக்டரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது ஒரு சின்ன யூஎஸ்பி டோக்கனில் இருக்கும். அக்காவின் பீரோவில், அதற்கென்றே வைத்திருந்த பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கும். ஒரு மாதம் அந்த டோக்கனுக்கான புது டிரைவரை அக்கவுண்ட்ஸ் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பியிருந்தேன். வட்டம் முழுக்கப் பச்சை. அந்தப் பிரிவில் அத்தனையும் பச்சையாக வந்தது அபூர்வம் என்பதால் நினைவிருக்கிறது.

20-ஆம் தேதி மதியம் நான் இரண்டாவது யூனிட்டில் எடைமேடைக் கம்ப்யூட்டரோடு போராடிக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார். டோக்கனைச் சொருகினால் கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அக்கா."

"பண்ணிப் பாத்துட்டனுங்க."

"இன்னொருக்கா பண்ணுங்க."

பண்ணினார். பக்கத்து மெஷினில் சொருகிப் பார்த்தார். அங்கேயும் அதேதான்; அதிலும் நான் அனுப்பிய டிரைவர்தான் இருந்தது. நான் அங்கிருந்தே நாலைந்து யோசனை சொன்னேன். ரிமோட்டில் நுழைந்து பார்க்கலாம் என்றால் நான் இருந்த இடத்தில் நெட் இல்லை. எடைமேடை முன்னால் லாரிகள் வரிசையில் நின்றன. இரவு பத்து மணிக்குக் கடைசியாகப் பேசியபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, காலையில் முதல் வேலையாக வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

காலையில் போய், வழக்கம்போல ரீஸ்டார்ட் கொடுத்தேன். டோக்கன் வேலை செய்தது. ஒரே நொடியில். அது எனக்கு என்ன சொல்லியிருக்கவேண்டும்! எனக்கு அது வேறு மாதிரி சொன்னது: அக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணவே இல்லை, மானிட்டரை மட்டும் அணைத்திருப்பார்.

ஒரு நாள் தாமதத்துக்கு லேட் ஃபீ மத்தியத்துக்கு 25, மாநிலத்துக்கு 25, ஆக 50 ரூபாய். டீக்கணக்கு. ஆனால் அது அடுத்த மாத ரிட்டர்னில் தானாக ஏறி வந்து நிற்கும், ஆடிட்டர் கண்ணில் படும், எம்.டி. கேட்பார். கேட்டார். காரணம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தது. நான்கு வரிதான் எழுதினேன். சாஃப்ட்வேர் சரியாகவே அனுப்பப்பட்டது, சர்வர் பதிவும் அதை உறுதி செய்கிறது, பயனர் தரப்பில் கணினியை முறைப்படி ஆஃப் செய்து ஆன் செய்யாததால் தாமதம். பச்சை வட்டத்தின் படத்தையும் இணைத்து அனுப்பினேன்.

அக்காவுக்கு மெமோ வந்தது. அவர் சர்வீசில் அது முதலாவது என்று பிறகுதான் தெரிந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் மெஷினில் ஏதாவது என்றால் ஜூனியர் பையனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை அக்கவுண்ட்ஸ் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். டேலியை மூடினார். இன்னும் திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினார். ஷட் டவுன் கொடுத்தார். திரை கறுத்து, சிபியூவின் சிறு விளக்கு அணையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து யூபிஎஸ் சுவிட்சையும் அணைத்தார். துணி உறையைப் போட்டு மூடினார். நான் பார்க்கவேண்டும் என்று அவர் செய்யவில்லை. நான் நிற்பதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பிரிண்டர் மறுபடி தகராறு. அக்கா பேங்குக்குப் போயிருந்தார். அவர் மெஷினிலிருந்து ஒரு டெஸ்ட் பிரிண்ட் கொடுத்தேன். அது அப்படியே நின்றுவிட்டது. அதை நிறுத்தலாம் என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கை பழக்கத்தில் பக்கத்துப் பகுதிக்குப் போய்விட்டது. பிராசஸர் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற பக்கம். கீழே சின்ன எழுத்தில் 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும். கணினி தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்பதற்கான கணக்கு. அதில் 41 நாள், சில மணி, சில நிமிடம். கடைசி இலக்கம் மட்டும் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. நேற்று மாலை இது அணைந்ததை நான் பார்த்தேன். விளக்கு போனதைப் பார்த்தேன். யூபிஎஸ் சுவிட்ச் 'டக்' என்றதைக் கேட்டேன். மின்சாரமே இல்லாமல் இரவு முழுக்கக் கிடந்த பெட்டி 41 நாளாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறது. கவுண்டர் தப்பாக இருக்கும் என்று தோன்றியது. பத்து வருட அனுபவம் இப்படித்தான் முதலில் பேசும். நாற்காலியை இழுத்துப்போட்டு ஈவென்ட் லாகைத் திறந்தேன். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 27 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். எந்த வகைத் தொடக்கம் என்று அதில் இருக்கும். 0 என்றால் முழுத் தொடக்கம். 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். வரிசையாக 1, 1, 1, 1. பின்னால் நகர்த்திக்கொண்டே போனேன். நடுவே எப்போதாவது ஒரு 0. அந்தத் தேதிகளை என் டிக்கெட் பதிவோடு வைத்துப் பார்த்தேன். நான் ரிமோட்டில் வந்து ரீஸ்டார்ட் கொடுத்த நாள்கள் அவை. 21-ஆம் தேதி காலையிலும் ஒரு 0 இருந்தது. 20-ஆம் தேதி மதியத்துக்குமேல் அடுத்தடுத்து 1, 1. நான் போனில் சொல்லச் சொல்ல அவர் அணைத்து அணைத்துப் போட்டது அங்கே மணி நிமிடத்தோடு இருந்தது.

விஷயம் ரகசியமானதல்ல. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே வந்த வசதி. ஷட் டவுன் கொடுத்தால் நம் லாகின் மட்டும்தான் முழுதாக மூடப்படும். விண்டோஸின் அடிப்படைப் பகுதியும் டிரைவர்களும் இருக்கிற நிலையிலேயே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதிவைக்கப்படும். காலையில் பட்டனை அழுத்தினால் அதை அப்படியே நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் அந்த ஃபைல் போகாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'அடுத்த முறை தொடங்கும்போது இந்த ஃபைலை மாற்று' என்று இன்ஸ்டாலர் எழுதிவைத்த குறிப்பை, அப்படிப் புதிதாகத் தொடங்கினால்தான் விண்டோஸ் எடுத்துப் படிக்கும். இதனால் அப்டேட்கள் முடியாமல் நிற்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றபோது நாங்கள் 10-க்கு மாறினோம். எங்கள் சிவப்புப் புள்ளிகள் கூடியதும் அதற்குப் பிறகுதான். வைரஸ் ஸ்கேனர், நெட்வொர்க் கேபிள், குடோன் தூசி என்று எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். யூசர் என்ற காரணத்தைச் சொல்லவே வேண்டாம்.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. பழைய சிவப்புப் பட்டியல்களை எல்லாம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், எச்.ஆர்., ரிசப்ஷன். சர்க்குலர் போட்ட மறுநாளிலிருந்து ஒழுங்காக அணைத்துவிட்டுப் போகிறவர்கள். டிசைன் பிரிவில் ஒருவர் பெயர்கூட இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் அணைக்காமல் போகிற அவர்களுடைய மெஷின்களை இரவு இரண்டு மணிக்கு சர்வர் உண்மையாகவே ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தது. அவர்களுக்கு எல்லாமே முதல் தடவையிலேயே போய்விடும். சொன்ன பேச்சைக் கேட்டவர்களின் கணினிகள் மட்டும் மாதக்கணக்கில் ரீஸ்டார்ட்டையே பார்க்காமல், முடியாத இன்ஸ்டால் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்ததை மறுத்தன. என் ஸ்கிரிப்டில் இருந்த அந்த ஒரு வரி, அந்த முடியாத வேலைகளுக்கெல்லாம் பச்சை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் ஒருமுறை, எல்லாரும் டிசைன் பிரிவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று வேறு பேசியிருக்கிறேன்.

சரிசெய்வதிலும் ஒருமுறை சறுக்கினேன். குரூப் பாலிசியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 'வேண்டாம்' என்று வைத்து வெற்றிப் புன்னகையோடு வீட்டுக்குப் போனேன். அது வேறு வேலை செய்கிறது: 'வேண்டும்' என்றால் கட்டாயமாக்கும், 'வேண்டாம்' என்றால் அந்தந்தக் கணினியின் விருப்பத்துக்கே விட்டுவிடும். விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது, படிக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஹைபர்பூட் என்று தொடங்குகிற மதிப்பை 0 ஆக்கி எல்லா மெஷினுக்கும் அனுப்பிய பிறகுதான் லாகில் 0-க்கள் வரத் தொடங்கின. ஸ்கிரிப்டிலும் 3010-ஐத் தனி நிறமாக்கினேன், மஞ்சள். அந்த மாத மீட்டிங்கில் பச்சை 80-க்கும் கீழே போய்விட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இதுவரைதான் ஏதோ ஆகியிருந்தது என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மிச்சம் சில இன்னும் சிவப்பாகவே நின்றன. புதிதாக எஸ்எஸ்டி போட்ட மெஷின்கள் அவை. விசாரித்தால், கேபிளில் உயிர் வந்ததும் நெட்வொர்க் ஸ்விட்ச் அந்த போர்ட்டை உடனே திறப்பதில்லை. லூப் இருக்கிறதா என்று பார்க்க 30 நொடி காத்திருக்கும். பழைய மந்தமான டிஸ்க்குக்கு அது போதுமான நேரம். புது மெஷின் அதற்குள் எழுந்து, சர்வரைத் தேடி, காணோம் என்று விட்டுவிடுகிறது. வேகமாக்கியதால் வந்த கோளாறு. அந்த போர்ட்களுக்குக் காத்திருப்பு வேண்டாம் என்று ஸ்விட்சில் சொல்லி முடித்தோம். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ரிசப்ஷனில் இருக்கும் பெண். "காலைல ஆன் பண்ணினா நெட் சிம்பல் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வருதுங்கண்ணா" என்று அவர் முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

மெமோ விஷயமாக எச்.ஆருக்குப் போனேன். ஃபைலில் ஏறிய காகிதத்தை எடுக்க முடியாது என்றார்கள். வேண்டுமானால் நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள், அதற்குப் பின்னால் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள். எழுதி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். 27, 0, 1 எல்லாவற்றையும். அவர் பாதியில் கையமர்த்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். வவுச்சர் சரிபார்க்கிற மாதிரி, வரிக்கு வரி பேனா முனையை வைத்துக்கொண்டு.

இரண்டாவது வரியில் பேனா நின்றது. 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதியிருந்தேன்.

"இது யாருங்க தம்பி?"

அடித்துவிட்டு, 'நான் எழுதிய ஸ்கிரிப்டில் இருந்த பிழையால்' என்று மேலே எழுதினேன். தொடர்ந்து படித்தார். 'சிறிய அளவில் தாமதக் கட்டணம்' என்ற இடத்தில் மறுபடி நின்றது.

"அம்பது ரூவான்னு தொகையைப் போடுங்க. எழுத்துலயும் போடுங்க. தொகை இல்லாத லெட்டர் ஆடிட்ல நிக்காதுங்க."

போட்டேன். தேதி, கையெழுத்து வைக்கிற இடம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

"திருத்தினதை ரெண்டு காப்பி எடுத்துட்டு வாங்க. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."